உண்டியலை உடைப்பது யார்?

ஆண்டுதோறும் அக்டோபர் 30 வந்தால் சிக்கனத்தின் நினைவு வந்துவிடுகிறது. 1924-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு அக்டோபர் 31-ஐ உலக சிக்கன நாளாக அறிவித்தது. 1984-இல் அதே தேதியில் இந்திரா காந்தி கொல்லப்பட்டதால் இந்தியாவில் அதை ஒரு நாள் முன்னதாகவே வைத்துக்கொள்கிறோம். முதலமைச்சரின் செய்தி வெளியாகும்; பள்ளிகளில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி நடக்கும்; எறும்பும் தேனீயும் தவறாமல் மேடையேறும். குழந்தைகள் நன்றாகவே பேசுகிறார்கள். பரிசும் வாங்குகிறார்கள். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது: பிள்ளைகளுக்குச் சிக்கனத்தின் அருமை தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் தெரிந்துகொள்வார்கள் என்பதே அது. இந்த அனுமானம் தவறு என்று நினைக்கிறேன். குழந்தை சேமிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஊதாரித்தனம் காரணமல்ல. எடுத்து வைத்த காசு சொன்ன நாளில் சொன்னபடி தன் கைக்கு வரும் என்ற நம்பிக்கை அதற்கு இல்லை. அந்த நம்பிக்கையைக் கெடுப்பவர்கள் பெரியவர்கள். எனவே பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். கிரிவலத்தால் உலகறிந்த கோயில் நகரம் அது. ஆனால் அதைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தின் வாழ்க்கை மணிலாவும் நெல்லும் விளையும் கிராமங்களிலும், ஆரணியின் பட்டுத் தறிகளிலும், வந்தவாசிப் பக்கத்துக் கோரைப் பாய்களிலும், வேலை தேடிப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகும் பேருந்துகளிலும் இருக்கிறது. இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒன்றாம் தேதிச் சம்பளம் கிடையாது. அறுவடைக்குக் கொஞ்சம், சேலை நெய்து இறக்கினால் கொஞ்சம், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவுக்கு மட்டும் கடை விரித்தால் கொஞ்சம், தீபத் திருவிழாவுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் என்று பணம் விட்டுவிட்டு வருகிறது. இப்படி வருமானம் உள்ளவர்களால் எடுத்து வைக்காமல் வாழவே முடியாது. ஏலச் சீட்டு, நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, மகளிர் குழுச் சந்தா என்று ஒரே வீட்டில் மூன்று நான்கு வகைச் சேமிப்பு ஓடிக்கொண்டிருப்பது இங்கே சாதாரணம். 1989-இல் பக்கத்து தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், கூலி வேலை செய்யும் பெண்களால் வாரம் தவறாமல் சேமிக்க முடியும் என்று காட்டி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. சிக்கனத்தைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டிய மண் இல்லை இது.

அந்தச் சேமிப்பு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று ஆசை காட்டி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் ஆரணி, செய்யாறு உட்படப் பல ஊர்களில் கிளை திறந்தது. 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் சோதனையில் இறங்கினார்கள். சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானது என்பது போலீசாரின் கணக்கு. சராசரி பார்த்தால் ஆளுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். இதைப் பேராசை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதே மாவட்டத்தில் தீபாவளிச் சீட்டு கட்டி ஏமாந்தவர்களின் புகார்களும் உண்டு. பண்டிகைக்கு மளிகையும் இனிப்பும் பட்டாசும் வெள்ளிக் காசும் கிடைக்கும் என்று மாதம் சில நூறு ரூபாய் கட்டியவரிடம் என்ன பேராசையைக் கண்டோம்? பட்சணத்துக்குக் கடன் வாங்கக் கூடாது என்று பத்து மாதம் முன்பே திட்டமிட்டவர் அவர். பாடப்புத்தகம் சொல்லும் சிக்கனம் அதுவேதான். அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பத்து வயதுக் குழந்தை, எந்த ஆசிரியரும் நடத்தாமலேயே ஒரு பாடம் படித்துவிடுகிறது: செலவழித்த காசாவது வயிற்றில் போய்ச் சேர்ந்தது, சேர்த்து வைத்த காசு போயே போய்விட்டது. அந்தக் குழந்தையிடம் போய் எறும்பைப் பற்றிப் பேசுகிறோம்.

இது வெறும் ஊகமல்ல. குழந்தைகளின் பொறுமை பற்றி உலகப் புகழ் பெற்ற சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் 1960களின் இறுதியில் தொடங்கியது. இப்போதே ஒரு மிட்டாய் தின்னலாம், சற்று நேரம் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்ற முடிவு மேடைப் பேச்சாளர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தீனி போட்டது. 2018-இல் டைலர் வாட்ஸ் குழுவினர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு திரும்பப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது; குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது அந்தப் பாதியிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. என் வாதத்துக்கு இதைவிட முக்கியமானது, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் செய்து 2013-இல் வெளியிட்ட சிறு ஆய்வு. இருபத்தெட்டே குழந்தைகள்தான். மிட்டாய் சோதனைக்கு முன்பாக, வண்ணம் தீட்ட நல்ல சாமான் கொண்டு வருகிறேன் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம், மன்னித்துக்கொள், இல்லையாம் என்று கைவிரித்தார்கள். அதற்குப் பிறகு நடந்த மிட்டாய் சோதனையில், வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடத்தில் வாயில் போட்டுக்கொண்டார்கள். முன்னவர்கள் பதினான்கு பேரில் ஒன்பது பேர் கடைசி வரை தாக்குப்பிடித்தார்கள். பின்னவர்களில் ஒரே ஒருவர். ஆய்வு சிறியது, அதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் அந்த மூன்று நிமிடக் குழந்தைகளைப் பொறுமையற்றவர்கள் என்று யார் சொல்ல முடியும்? ஏமாற்றுபவர் எதிரில் இருக்கும்போது கிடைத்ததைத் தின்றுவிடுவதுதான் விவேகம்.

நம் வீடுகளுக்கு வருவோம். மண் உண்டியலோ பிளாஸ்டிக் உண்டியலோ இல்லாத வீடு குறைவு. பாட்டி கொடுத்த பத்து ரூபாய், பொங்கலுக்கு மாமா கொடுத்த ஐம்பது ரூபாய், காதுகுத்துக்கு வந்த நோட்டு எல்லாம் குழந்தையின் பெயரில்தான் வருகின்றன. 'கொடு, அம்மா பத்திரமா வச்சிருக்கேன்' என்ற சொல்லோடு அவை மறைந்துவிடுகின்றன. சிலிண்டர் வரும் நாளிலோ கல்விக் கட்டணம் கட்டும் நாளிலோ உண்டியல் கவிழ்க்கப்படுகிறது. கேட்டால், உனக்கு எதற்குக் காசு என்ற பதில். இதில் எனக்கு வியப்பு தருவது, இதே குடும்பங்கள் மொய்க் கணக்கில் காட்டும் நேர்மை. பதினைந்து ஆண்டுக்கு முன் தங்கள் வீட்டு விசேஷத்தில் யார் 101 ரூபாய் எழுதினார் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்து, அதற்குக் குறையாமல் திருப்பி எழுதாவிட்டால் தலைகுனிவு. ஊரார் பணத்துக்கு எழுத்து உண்டு, தவணை உண்டு, மானம் உண்டு. சொந்தக் குழந்தையின் பணத்துக்கு ஒரு வரி எழுத்துகூடக் கிடையாது. சிக்கனப் பாடத்துக்குப் பெரிய பாடத்திட்டம் தேவையில்லை. மொய் நோட்டில் கடைசிப் பக்கத்தைக் குழந்தைக்கு ஒதுக்கினால் போதும். எடுத்தால் எடுத்தது எவ்வளவு, எதற்கு, எப்போது திரும்பும் என்று எழுதி, அந்தத் தேதியில் திருப்பி வைக்க வேண்டும்.

குடும்பத்தில் என் பணம், உன் பணம் என்று பிரிப்பது நம் வழக்கம் இல்லையே, கஷ்ட காலத்தில் பிள்ளையின் காசை எடுக்காமல் வட்டிக் கடைக்கா போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியில் வாங்குவதைவிட உண்டியலில் எடுப்பது எவ்வளவோ மேல். சொல்லிவிட்டு எடுப்பதும் திருப்பி வைப்பதும்தான் வேறுபாடு. வீட்டின் நெருக்கடியைத் தன் காசு தீர்த்தது என்று அறியும் குழந்தை பெருமைப்படும். தெரியாமல் போனால் களவு போனதாகவே நினைக்கும். உகாண்டாவில் டீன் கார்லன், லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் 136 தொடக்கப் பள்ளிகளில் செய்த சோதனை இங்கே பொருந்தும். பள்ளியில் பூட்டிய பெட்டியில் குழந்தைகள் சேமித்தார்கள். பருவ முடிவில் சில பள்ளிகளில் பணத்தைக் கையிலேயே கொடுத்தார்கள். சில பள்ளிகளில் படிப்புச் சாமான் மட்டும் வாங்கக்கூடிய சீட்டாகக் கொடுத்தார்கள். கட்டுப்பாடு மிகுந்த இரண்டாம் வகைதான் அதிகம் சேரும் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு: கையில் பணம் கிடைக்கும் பள்ளிகளில்தான் அதிகம் சேர்ந்தது. அங்கே பெற்றோரையும் கூட்டிப் பேசியபோது நோட்டுப் புத்தகச் செலவும் கூடியது, தேர்வு மதிப்பெண்ணும் சற்று உயர்ந்தது. குழந்தையின் பணம் குழந்தையின் பணமாகவே இருக்க வேண்டும், ஆனால் பெற்றோருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்பதுதான் அதில் நமக்குள்ள செய்தி.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஏழ்மையைப் பற்றியது. வயிற்றுக்கே போதாத வீட்டில் சேமிப்புப் பேச்சு, ஏழையின் வறுமைக்கு அவரையே குற்றவாளியாக்குவது ஆகாதா? ஆகும், பல நேரம் அப்படித்தான் ஆகியும் இருக்கிறது. இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை மாதம் இருமுறை கேட்டுக் குறித்து 2009-இல் வெளியான ஆய்வு, பணம் குறைவாக உள்ளவர்களே பணத்தை அதிகம் கையாள வேண்டியிருக்கிறது என்று காட்டியது. எந்தக் குடும்பமும் வந்ததை அப்படியே தின்று தீர்க்கவில்லை. ஆகவே ஏழைக்குச் சேமிக்க முடியாது என்பதும் உண்மையில்லை, தெரியாது என்பதும் உண்மையில்லை. ஆனால் ஓர் ஆபத்து உண்மை. கானா நாட்டில் 135 பள்ளிகளில் நடந்த சோதனையில் குழந்தைகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துச் சேமிக்கப் பழக்கினார்கள். ஒன்பது மாதத்தில் பெட்டிகள் நிரம்பின. ஆனால் பெரும்பாலும் வீட்டில் இருந்த காசு பள்ளிக்கு இடம் மாறியிருந்தது. பணப் பாடத்தை மட்டும் படித்த குழந்தைகள் முன்னைவிடக் கூடுதலாக வேலைக்குப் போனதற்கான அறிகுறியும் தெரிந்தது. திருவண்ணாமலையில் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பௌர்ணமி இரவில் விடிய விடியக் கடை நடக்கும் ஊர் இது. யார் அதிகம் சேர்த்தது என்று பள்ளியில் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால், மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் கூடும். தொகைக்குப் பரிசே கூடாது. ஐந்து ரூபாயைச் சரியாக எழுதி வைத்த குழந்தையும் ஐந்நூறு ரூபாய் வைத்த குழந்தையும் ஒன்றாகவே கருதப்பட வேண்டும்.

பள்ளியில் இதற்கு நமக்கே ஒரு முன்மாதிரி இருந்தது. எழுபது, எண்பதுகளில் பல பள்ளிகளில் நடந்த சஞ்சாயிகா என்னும் சிறுசேமிப்புத் திட்டம் பலருக்கு நினைவிருக்கும். மாணவர்களே மேலாளர், மாணவர்களே காசாளர். ஆசிரியர் மேற்பார்வை பார்ப்பார். சேர்ந்த பணம் அஞ்சலகத்திலோ வங்கியிலோ போடப்படும். இன்று அந்தப் பெயரே அபூர்வமாகத்தான் காதில் விழுகிறது. பாடம், தேர்வு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு, செயலியில் பதிவேற்றம் என்று ஓடும் ஆசிரியரிடம் காசுக் கணக்கையும் கட்டினால் முதலில் விடுபடுவது அதுவாகத்தான் இருக்கும். எனவே பணத்தைப் பள்ளி வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பத்து வயது நிரம்பிய சிறுவர் தாமே வங்கிக் கணக்கைத் தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இலேயே சொல்லிவிட்டது. 2025 ஏப்ரலில் அந்த விதிகளைத் தெளிவுபடுத்தியும் இருக்கிறது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலும் பத்து வயதானால் குழந்தையே கையெழுத்திடலாம். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளூர் அஞ்சலகத்துக்கு ஒரு நாள் போய்வருவது போதும். பள்ளியின் வேலை கணக்குப் பார்க்கப் பழக்குவது மட்டும். பொதுப் பணத்தை எப்படி எண்ண வேண்டும் என்று காட்டத் திருவண்ணாமலையில் வெளியே தேட வேண்டியதும் இல்லை. பௌர்ணமி முடிந்ததும் அருணாசலேசுவரர் கோயில் உண்டியல்கள் திறக்கப்படுகின்றன. அறநிலையத் துறை அலுவலர்கள் முன்னிலையில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க, ஊழியர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக உட்கார்ந்து எண்ணுகிறார்கள். ரொக்கம் எவ்வளவு, தங்கம் எத்தனை கிராம், வெள்ளி எத்தனை கிராம் என்று செய்தி வந்துவிடுகிறது. முகம் தெரியாத பக்தர் போட்ட ஒற்றை ரூபாய்க்கும் அங்கே கணக்கு உண்டு. அந்தச் செய்தியை ஏழாம் வகுப்பில் வாசித்து, உங்கள் வீட்டு உண்டியலை யார் முன்னிலையில் திறந்தார்கள் என்று கேட்கலாம். சில வீடுகளில் அன்று மாலை சங்கடம் வரும், வரட்டும்.

எட்டாம் வகுப்புக்கு வேறு பாடம் இருக்கிறது. நம் மாநிலப் பாடநூலில் கூட்டு வட்டி அந்த வகுப்பிலேயே வருகிறது. அசல், வட்டி வீதம், காலம் என்று ஏதோ ஒரு கற்பனை வங்கியை வைத்துப் பிள்ளைகள் விடை காண்கிறார்கள். ஆருத்ரா நிறுவனத்தின் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். மாதம் 30 சதவீதம் என்று ஒரு லட்சம் ரூபாயைப் போட்டு, வட்டியை எடுக்காமல் விட்டால் பன்னிரண்டு மாதத்தில் எவ்வளவு? இருபத்து மூன்று லட்சத்தைத் தாண்டும். எந்தப் பட்டுத் தறி, எந்த அரிசி ஆலை, எந்தத் தங்கக் கடை ஒரு லட்சத்தை ஓராண்டில் இருபத்து மூன்று லட்சமாக்கும் என்ற அடுத்த கேள்விக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வீட்டுக்குப் போக வேண்டும். சீட்டு நடத்தப் பதிவு வேண்டும் என்பதும், அதற்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதும், வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பதும் ஒரு வகுப்பு நேரத்தில் சொல்லக்கூடியவை. பணத்தைப் பற்றி வகுப்பெடுத்துப் பலனில்லை என்று சிலர் சொல்வார்கள். 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய கல்வி மக்களின் நடத்தையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைத்தான் விளக்குகிறது என்றது. ஆனால் 2022-இல் 76 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த இன்னொரு ஆய்வு, அறிவிலும் நடத்தையிலும் தெளிவான பலன் இருப்பதாகவே கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கையில் காசில்லாதபோது கேட்ட பாடம் மறந்துபோகும், காசு கையில் இருக்கும்போது கேட்டது நிற்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விலைவாசிக்கு ஈடுகொடுக்காத சேமிப்புக் கணக்கில் குழந்தையின் காசைப் போடுவது நட்டமல்லவா என்ற கேள்வியும் உண்டு. அஞ்சலகத்தில் நான்கு சதவீதம், பல பெரிய வங்கிகளில் இப்போது மூன்றுக்கும் கீழே. நட்டம்தான், தொகை ஐநூறு ரூபாயாக இருக்கும்வரை அந்த நட்டம் ஒரு டீ செலவு. கணக்கின் பயன் வேறு: போட்டது இருக்கிறது, கேட்டால் வருகிறது என்று கண்ணால் பார்ப்பது. தொகை வளர்ந்தால் அடுத்த இடங்கள் இருக்கின்றன. பெண் குழந்தைக்கு 2015-இல் வந்த செல்வமகள் திட்டம் ஆண்டுக்கு 250 ரூபாய் இருந்தாலே ஏற்கிறது. கைப்பேசியில் கியூஆர் கோடு காட்டி எல்லாம் வாங்கும் காலத்தில் காசு கண்ணில் படுவதே குறைந்துவிட்டது என்பதும் உண்மையே. அதற்காகவும் எழுத்தில் ஒரு கணக்கு தேவைப்படுகிறது.

பதினேழு, பதினெட்டு வயதில் இதற்கெல்லாம் உண்மையான தேர்வு வருகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. மாதம் 1,000 ரூபாய், மாணவரின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குக்கு. மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் அது 36,000 ரூபாய். கீழ்பென்னாத்தூரிலோ செங்கத்திலோ இருந்து திருவண்ணாமலைக் கல்லூரிக்குப் பேருந்தில் வரும் ஒரு பெண்ணுக்கு, வாழ்க்கையில் தன் பெயருக்கு ஒழுங்காக வரும் முதல் வருமானம் பெரும்பாலும் அதுதான். அந்த ஏடிஎம் அட்டை அவளுடைய பையில் இருக்கிறதா, அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறதா? வீட்டுக்கு அந்தப் பணம் தேவைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஆயிரத்தில் எத்தனை வீட்டுக்கு, எத்தனை பயணத்துக்கும் புத்தகத்துக்கும் என்று அவளும் உட்கார்ந்து பேசித்தான் முடிவாக வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்பில் குறைந்தபட்சத் தவணை மாதம் நூறு ரூபாய். கல்லூரியில் முதலாண்டு சேர்க்கை நடக்கும் வாரத்திலேயே அஞ்சல் துறையினரை வளாகத்துக்கு வரவழைத்து, விரும்பும் மாணவருக்கு அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுக்கலாம். அன்றைக்கே ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணை அவரவரே மாற்றிக்கொள்ளவும் சொல்லித் தரலாம்.